கயிற்றுக்கடை மாடியும் மூன்றாவது வரியும்

வாடகை நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பது சுலபம். கொண்டுபோனவர் திரும்பி வந்து நிற்கும்போது அவர் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பதுதான் வேலை. கூச்ச சுபாவக்காரர்கள், கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவர்கள், போன் அடித்தால் வேறு யாராவது எடுக்க மாட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்க்கிறவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வரி அட்டை

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஒரு கயிற்றுக்கடை இருக்கிறது. படகுகளுக்கு வேண்டிய கயிறு, வலை, மிதவை எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். தெருவுக்கே அவர் அண்ணாச்சி. கடைக்கு மேலே, மாடியில், அவர் ஒரு வாடகை நூலகமும் நடத்துகிறார். பி.காம். முடித்து, இரண்டு நேர்முகத் தேர்வுகளில் வாயே திறக்காமல் எழுந்து வந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். அண்ணாச்சிக்குத் திருப்தி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் திருவொற்றியூர் பஸ் ஏறி வீட்டில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் உட்கார்ந்தால் கல்யாணப் பேச்சு என்று அம்மா முன்கூட்டியே அறிவித்திருந்தாள்.

எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு வாசகருக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் மூன்றே வரி: முடித்தது, கையில் இருப்பது, அடுத்தது. முதல் இரண்டையும் நான் எழுதுவேன். மூன்றாவதை வாசகர்தான் தன் கைப்பட எழுத வேண்டும். அவர் எழுதிய புத்தகம் அவர் பெயர்ச் சீட்டோடு தனி அலமாரிக்குப் போய்விடும். அவர் வரும்வரை வேறு யாருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. அடுத்த புத்தகத்தின் பெயரை எழுதாமல் படியிறங்குகிறவர் மறுபடி படியேற மாட்டார் என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. ஆகவே என் வேலை "அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டு, பேனாவை நீட்டுவது. முதல் வாரம் முழுக்க நான் பேனாவை மட்டும்தான் நீட்டினேன். பாதிப் பேர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை அண்ணாச்சி மாடிக்கு வந்து அட்டைகளைப் புரட்டினார். மூன்றாவது வரி பெரும்பாலும் வெறுமை.

"ஏம்மா, வாயை எங்கயும் வாடகைக்கு விட்டுட்டு வந்துட்டியா? போய் மொதல்ல அதத் திருப்பி வாங்கிட்டு வா."

மாமியாருக்குச் சண்டை தெரியவில்லை

கேட்காமலே மூன்றாவது வரியை எழுதுகிற புண்ணியவான்களும் உண்டு. அவர்களில் முதல் இடம் வியாசர்பாடி பாக்ஸிங் மாஸ்டருக்கு. ஒரு பக்கம் சற்றே சப்பையான மூக்கு, கதவை அடைத்து நிற்கிற தோள். முதல் நாள் அவர் படியேறி வந்த சத்தத்தில் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவர் கேட்டது குடும்ப நாவல். மாமியார், மருமகள், பிரிந்துபோன அண்ணன் தம்பி, கடைசியில் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து அழுகிற வகை.

தினமும் காலைப் பயிற்சி முடிந்ததும் பையன்கள் கையில் சுற்றிய துணிப்பட்டையை அவிழ்க்கிற நேரத்தில் ஐந்து பக்கம் படிப்பாராம். ஆறாவது பக்கம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் மறுநாளைக்குத்தான். "அவசரப்பட்டா பாயின்ட் போயிடும்" என்பார். நான் ஒரே ராத்திரியில் நூறு பக்கம் தாண்டிக் குதித்துவிட்டுப் பாத்திரங்களின் பெயரைக்கூட மறக்கிறவள். அவருக்கு முந்நூறு பக்க நாவலின் சமையல்காரியின் பெயர் வரை ஞாபகம் இருக்கும். ஒருநாள் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு உண்மையான வருத்தத்துடன் தலையை ஆட்டினார்.

"நல்ல பொம்பளமா இந்த மாமியாரு. ஆனா கைய எப்ப தூக்கி மூஞ்சிய மறைக்கணும்னு தெர்ல. அதான் எல்லார் கையாலயும் வாங்கிகினே கீது."

ஓர் அட்டை, ஏழு பேர்

தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இரண்டு மாதம் படகெல்லாம் துறைமுகத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஆட்கள் வலை பின்னுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். அந்த இரண்டு மாதம் எங்களுக்கு நல்ல கூட்டம். ஒரு படகின் டிரைவர் மட்டும் ஓர் அட்டை வாங்கினார். ஆனால் புத்தகம் தேர்ந்தெடுக்க அவர் பின்னால் ஆறு பேர் வந்தார்கள். விசாரித்ததில் தெரிந்தது: ஆறு பேர் வலையைத் தைக்க, டிரைவர் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாராம். ஆகவே மூன்றாவது வரிக்கு எங்கள் மாடிப்படியிலேயே ஓட்டெடுப்பு நடக்கும். பேய்க்கதைக்கு மூன்று ஓட்டு, துப்பறியும் கதைக்கு நாலு. அதிலும் தோற்றவர்கள் முறைத்துக்கொண்டு போகாமல், அடுத்த தடவை தங்களுக்கென்று வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

ஒரு துப்பறியும் நாவலைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று ஏழு பேர் முகமும் சரியில்லை. நூற்றுச் சொச்சமாவது பக்கத்தில் யாரோ ஒரு முந்தைய வாசகர் "கொலை செய்தது டாக்டர்" என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். இந்த மாதிரிப் புண்ணியவான்களை உங்களுக்கும் தெரியும். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் டிரைவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"எய்தி வெச்சான்னு கூட வுட்டுடலாம்மா. அத்த நம்பி கடேசி வரைக்கும் டாக்டர மொறச்சிகினே படிச்சோம். பாத்தா கொல பண்ணது தோட்டக்காரன். டபுள் பேஜாரு."

வள்ளி அக்கா தூசி தட்டிய புத்தகம்

பேச வராதவர்களுக்குக் கண் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். வாசகர்கள் எந்த அலமாரி முன்னால் நிற்கிறார்கள், எந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வள்ளி அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவர். எப்போது வந்தாலும் சமையல் புத்தகம், இல்லையென்றால் கோலப் புத்தகம். ஆனால் போகும்போது பயணக் கட்டுரை அலமாரியில் இமயமலை படம் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து, முந்தானையால் தூசி தட்டி, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார். நாலு வாரம் பார்த்தேன். நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் போன பிறகு அவருடைய அட்டையில் மூன்றாவது வரியில் அந்தப் புத்தகத்தின் பெயரை நானே எழுதி, தனி அலமாரியில் எடுத்து வைத்தேன்.

அடுத்த வாரம் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் அட்டையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பிறகு காலர் தைத்துத் தைத்து நுனி காய்த்துப்போன விரலால் அந்த மலையைத் தடவினார்.

"எப்டி பாப்பா உனுக்கு தெர்ஞ்சிது? நானே இன்னும் எங்கிட்ட சொல்லிக்கலியே!"

என் கையெழுத்து

அந்த ஒரு பாராட்டு என்னைக் கெடுத்தது. அடுத்த நாலு மாதம் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பார்த்தேன், யோசித்தேன், எழுதினேன். மாலையில் வாசகர்கள் போன பிறகு அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் தேடுவது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. பலர் அதை நூலகத்தின் வழக்கம் என்றே நினைத்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். பிடிக்காதவர்கள் வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு பேசாமல் போனார்கள்; நான் எழுதியது அட்டையிலும் அலமாரியிலும் அப்படியே இருந்தது. தனி அலமாரி நிறைந்து இரண்டாவது வரிசை போட்டேன்.

ஐந்தாவது மாதக் கடைசியில் அண்ணாச்சி மாடிக்கு வந்தார். கண்ணாடியைக் கீழே கடையில் மறந்து வைத்திருந்தார். அட்டைகளைத் தூரப் பிடித்துப் புரட்டினார். ஒரு வரிகூட வெறுமை இல்லை. என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்யாத குறை. அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கும் வாய் வேண்டுமே.

"பாத்தியா, கேட்டா எழுதுதாங்கல்லா? இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓட்டு, ஒன்னய நிரந்தரமாக்கிருதேன்."

கரை சேராத கப்பல்

சேவியர் அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் ராயபுரம். போன தடவை கப்பலேறுவதற்கு முன்னால் ஒரு தடித்த கடல் பயண நாவலைப் பாதிவரை படித்து, கெடு முடிந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கதையில் ஒரு பாய்மரக் கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிற இடம். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எங்களிடம் வந்து அதைக் கேட்டார். புத்தகம் வெளியே போயிருந்தது. அவ்வளவுதான் சொன்னேன். "வந்தால் எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டு அட்டையை நீட்டவில்லை. அவர் "சரி" என்று போய்விட்டார். புத்தகம் திரும்பி வந்த அன்று அவர் கேட்டது எனக்கு நினைவுக்கு வரவில்லை. கொருக்குப்பேட்டை மனோகர் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர், என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவர். எப்போதும் கடல் கதை அலமாரி முன்னாலேயே நிற்பார். அவர் அட்டையில் எழுதித் தனி அலமாரியில் வைத்துவிட்டேன். அவர் துறைமுக வாசலில் நாள்கணக்கில் நிற்கிற டிரெய்லர் வரிசையில், அதாவது லைனில், மாட்டி மூன்று வாரம் வரவில்லை.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது சேவியர் அண்ணன் மறுபடி வந்தார். சனிக்கிழமை ராத்திரி விமானம். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குப் போய்க் கப்பலேற வேண்டும். தனி அலமாரியில் புத்தகம் அவர் கண்ணெதிரே இருந்தது. "இன்னொருத்தருக்கு வைத்திருக்கிறது" என்றேன். "தெரியுமா, ஒம்போது மாசமா அந்தக் கப்பல் கரைக்கு வந்துச்சா முயிகிச்சான்னு தெரியாம ஆக்கிப் போட்டுகினு இருந்தேன். சாம்பார்ல ரெண்டு தபா உப்பு போட்டேன்" என்றவர், சீட்டில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நம்ம மனோகரா? தோஸ்துதான். நானே பேசிக்கிறேன்." அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எண்ணூர் நெடுஞ்சாலையின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே மனோகர் அண்ணனின் குரல் வந்தது. அதைக் கேட்டது நான் மட்டுமில்லை; மாடிப்படியில் அண்ணாச்சியும் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை கண்ணாடி போட்டிருந்தார்.

"கப்பல் புக்கா? நான் எங்கடா கேட்டேன்? எய்தவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானே போர்ட் லைன்ல நாலு மணி நேரமா குந்திகினு கீறேன், வையிடா போன!"

முப்பத்தொரு போன்

அண்ணாச்சி திட்டவில்லை. கயிறு அளக்கிற நிதானத்தோடு உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்தார். வாசகர் எழுதியவை இந்தப் பக்கம், என் எழுத்தில் இருந்தவை அந்தப் பக்கம். அந்தப் பக்கம் முப்பத்தொரு அட்டை. "நாளைக்குள்ள இந்த முப்பத்தோரு பேரையும் நீயே கூப்பிட்டு, இன்னின்ன புக்க ஒங்களக் கேக்காம எழுதிட்டேன், வேணுமா வேண்டாமான்னு கேளு. முடியலன்னா வீட்டுக்குப் போயிரு. முடிஞ்சா அப்பறம் பேசுவோம்" என்றார். சேவியர் அண்ணனிடம் நாவலை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் ஒவ்வொரு எண்ணையும் அழுத்துவதற்கு முன் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டேன். முதல் மூன்று பேரிடம் தாளைப் பார்த்து வாசித்தேன். நாலாவது ஆள் "எந்த பேங்க்கும்மா?" என்று கேட்டார். அதன் பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வேண்டும் என்றவர்கள் உண்டு, வேண்டவே வேண்டாம் என்றவர்கள் உண்டு. ஒருவர் நான் ஒதுக்கிய சுயமுன்னேற்றப் புத்தகத்துக்காக என்னைப் பத்து நிமிடம் திட்டினார்; அவர் அளவுக்கு முன்னேறியவர் அந்தத் தெருவிலேயே இல்லையாம். ஆனால் நான் அசந்துபோனது வேறு விஷயத்தில். எனக்கு எல்லோரையும் தெரியும் என்று நினைத்திருந்தேனே, ஒருவரையும் தெரியாது. கேட்டால் அவர்கள் சொன்னது நான் யோசித்ததைவிட நன்றாக இருந்தது. மீன் ஏலக்காரர் ஒருவர் நட்சத்திரங்களைப் பற்றிப் புத்தகம் கேட்டார். வரைபடப் புத்தகம் இருந்தால் போதும், படிக்க வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார் ரயில்வே பட்டறையில் வேலை செய்கிற ஒரு கலாசி. இருபத்தெட்டாவது அழைப்பில் பாக்ஸிங் மாஸ்டரின் மனைவி எடுத்தார். மாஸ்டர் அட்டை என் பட்டியலில் இல்லை. இந்த அம்மா தனியாக அட்டை வைத்திருக்கிறவர். அவருக்கு நான் ஒதுக்கியதும் ஒரு குடும்ப நாவல்.

"அந்தக் கண்ராவிலாம் எங்க வூட்டுக்காரு படிப்பாரு. எனுக்கு ரத்தம் வர்ற மாதிரி ஏதாச்சும் குடும்மா."

சேவியர் அண்ணன் சொல்லாதது

சனிக்கிழமை காலையில் சேவியர் அண்ணன் நாவலோடு வந்தார். கண் சிவந்திருந்தது. இரண்டு நாளில் மீதிப் பாதியை முடித்துவிட்டார். பெட்டி கட்டியது அவர் மனைவியாம். அட்டையில் முடித்தது என்ற வரியில் நாவலின் பெயரை எழுதினேன். கையில் இருப்பது என்ற வரியில் ஒன்றுமில்லை. பிறகு, ஆறு மாதத்தில் முதல் தடவையாக, அவர் முகத்தைப் பார்த்து, "அண்ணா, அடுத்து என்ன படிக்கப் போறீங்க?" என்று கேட்டேன். ஒன்பது மாதம் கழித்துப் படிக்கப் போகிற புத்தகத்தை அவர் அரை மணி நேரம் தேடி, தன் கையால் எழுதினார். ஒன்பது மாதமும் அது தனி அலமாரியில் இருக்கும்.

படியிறங்கப் போனவரிடம், இன்னொரு கேள்வியும் தானாகவே என் வாயிலிருந்து வந்துவிட்டது: அந்தக் கப்பல் கடைசியில் கரைக்கு வந்ததா?

"ஒம்போது மாசம் நான் தவிச்சேன்ல? நீயும் கொஞ்சம் தவி."

ஃபேனுக்குக் கீழே

அன்று சாயங்காலம் மனோகர் அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். அண்ணாச்சி என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டியல் முழுக்கப் போன் செய்து முடித்திருந்தேன்; இனி தீர்ப்புதான். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். கடல் கதை அலமாரி முன்னாலேயே நீங்கள் நிற்பதைப் பார்த்து எழுதிவிட்டேன் என்றேன். அவர் அந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "அங்க மேல ஃபேன் கீதுமா" என்றார். "நாள் பூரா கப்பல் மூஞ்சியத்தான் பாத்துகினு கீறேன். இதுல கப்பல் கதை வேறயா?"

அண்ணாச்சி சிரித்து, சிரிப்பில் இருமி, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. மனோகர் அண்ணன் அதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த மனிதர் ஐந்து மாதத்தில் என்னிடம் பேசியதைவிட அந்த ஐந்து நிமிடத்தில் அதிகம் பேசினார். லைனில் நிற்கும்போது ஸ்டியரிங் மேல் புத்தகத்தை வைத்துப் படிப்பாராம். பின்னால் இருக்கிற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துத்தான் புத்தகத்திலிருந்து எழுப்புவார்களாம். பிறகு அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்.

"தப்பு புக்குதான் அண்ணாச்சி. ஆனா நான் இன்னா படிப்பேன்னு ஒரு ஆளு குந்திகினு யோசிச்சி தப்பு பண்ணிக்கீது. என் வூட்ல கூட எவனும் யோசிச்சது கெடையாது."

மூன்று முழ நைலான் கயிறு

"அடுத்து என்ன படிக்கப் போறீங்கண்ணா?" என்று கேட்டேன். பேனாவையும் நீட்டினேன். அவர் பதிலுக்கு, "நீ இன்னா படிச்சிகினு கீற?" என்றார். வேலைக்கு வந்ததிலிருந்து யாரும் என்னைக் கேட்காத கேள்வி. மேஜைக்கு அடியில் இருந்த புத்தகத்தைக் காட்டினேன். மலைக் கிராமங்களில் பிரசவம் பார்த்த ஒரு நர்ஸின் வாழ்க்கைக் கதை, பழைய பதிப்பு, ஒரே ஒரு பிரதி. முதல் பத்தியை வாசித்துப் பார்த்தார். பேனாவை வாங்கி, மூன்றாவது வரியில், ஒவ்வொரு எழுத்தாக, அந்தப் புத்தகத்தின் பெயரை எழுதினார்.

அவர் போன பிறகு அண்ணாச்சி கீழே கடைக்குப் போய், வலை பின்னுகிற நைலான் கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு முனையில் பேனா. மறு முனையை, வாசகர்கள் நிற்கிற பக்கத்தில், மேஜைக் காலில் மீனவர் முடிச்சாகப் போட்டார். இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"திங்கக்கிழமைலேருந்து நீ நிரந்தரம். ஆனா இந்தப் பேனா ஒன் நாற்காலி வரைக்கும் வராது, அளந்துதான் வெட்டியிருக்கேன்."

என் கையில் இருக்கும் புத்தகத்தில் இன்னும் நூற்றெண்பது பக்கம் பாக்கி. எனக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் டிரைவர் லைனில் நிற்கிறார், ஹாரன் அடிக்கவில்லை என்பதுதான் அவர் எனக்குக் காட்டும் ஒரே சலுகை.